பழைய மீன்பிடிப் படகு வாங்கும் முன்: கடல் ஏறிக் கிடக்கும்போது அது எப்படி ஓடும் என்று அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழிமுறை

இது 5 முதல் 9 மீட்டர் வரை நீளமுள்ள, அவுட்போர்டு இன்ஜின் பூட்டிய ஃபைபர் படகுகளுக்கான வழிமுறை. உள்ளே இன்ஜின் வைத்த படகுக்கும் பெரும்பகுதி பொருந்தும். இன்ஜின் டிரிம் (இன்ஜினின் கீழ்ப்பகுதியைப் படகை நோக்கி உள்ளேயோ, விலக்கி வெளியேயோ சாய்ப்பது) பற்றிய வரிகளை மட்டும் விட்டுவிடலாம்.

கீழே வரும் பெரும்பாலான அறிகுறிகளுக்கு ஒரே கேள்விதான் அடிப்படை: எடையை நகர்த்தினாலோ டிரிம்மை மாற்றினாலோ இது மாறுகிறதா? மாறினால் அது சரிசெய்யக்கூடிய கோளாறு, விலை பேசலாம். மாறவே இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் ஹல்லின் (படகின் உடற்கூட்டின்) வடிவத்தில் இருக்கிறது, அல்லது ஹல்லுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. பிறவி வடிவத்தை யாராலும் மாற்ற முடியாது. தண்ணீரை வெளியேற்றலாம், ஆனால் அதற்குத் தளத்தையே அறுத்துத் திறக்க வேண்டியிருக்கும்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: 2 மீட்டர் நேரான அலுமினியச் சட்டம், சாய்வுமானி செயலி உள்ள போன், அளவு நாடா, ஒட்டுநாடா, சிறிய பிளாஸ்டிக் சுத்தியல், மூடியுள்ள கண்ணாடிக் குடுவை, அரை லிட்டர் குவளை, உலர்ந்த துணி, 20 லிட்டர் தண்ணீர் கேன் 6. நிரப்பிய கேன் ஒவ்வொன்றும் 20 கிலோ. ஓடும் படகில் எடையை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

## கடலில் இறக்கும் முன், கரையில்

அடிப்பாகத்தின் வி சரிவு. பின்பலகைக்கு (இன்ஜின் மாட்டும் பின்சுவருக்கு) பக்கத்தில், ஏராவிலிருந்து (அடியின் நடுக்கோட்டு முதுகெலும்பிலிருந்து) விளிம்பு (அடியும் பக்கச்சுவரும் சேரும் மடிப்பு) வரை போகும் சாய்வின் மேல் போனை வைத்துக் கோணத்தைப் படியுங்கள். டிரெய்லர் ஒரு பக்கம் சரிந்து நிற்கலாம். அதனால் இரண்டு பக்கமும் அளந்து சராசரி எடுங்கள். 12 பாகைக்குக் கீழே இருந்தால் தட்டையான அடி. நிற்கும்போது ஆடாது, எதிரலையில் அறையும். 12 முதல் 18 வரை நடுத்தரம். 20 முதல் 24 வரை ஆழ வி. அலையை வெட்டிக்கொண்டு மெத்தென்று போகும். நின்றுகொண்டு தூண்டில் போடும்போது அதிகம் உருளும், அதே வேகத்துக்குக் கூடுதல் குதிரைசக்தியும் கேட்கும். இந்த எண்ணை எழுதி வையுங்கள். கடலில் தெரியப்போகும் பல விஷயங்களுக்கு இதுவே விடை.

நேர்ச்சட்டம். பின்பலகையிலிருந்து முன்னோக்கி 2 மீட்டர் தூரத்துக்கு, ஏராவுக்கும் விளிம்புக்கும் நடுவில், நீள வரிப்புடைப்புகளின் மேல் ஏறாமல் சட்டத்தை அடியோடு ஒட்டிப் பிடியுங்கள். சட்டத்தின் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அடி உள்ளே குழிந்திருக்கிறது. நடு ஒட்டிக்கொண்டு முனைகளில் இடைவெளி தெரிந்தால் அடி வெளியே புடைத்திருக்கிறது. இந்த இடைவெளி 3 மி.மீ. தாண்டினால் ஓட்டத்தில் தெரியத் தொடங்கும். குழிவுக்குப் பெரும்பாலும் டிரெய்லர்தான் காரணம். தாங்குகட்டைகள் பின்பலகை வரை வராமல் ஒரு சாண் முன்னாலேயே முடிந்திருந்தால், இன்ஜினின் எடை ஆண்டுக்கணக்கில் கடைசிப் பகுதியைக் கீழே இழுத்துவிடும். கட்டை எங்கே முடிகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எடை. டிரெய்லரோடு எடை மேடையில் ஏற்றுங்கள். பலரும் விட்டுவிடும் சோதனை இது. எல்லாவற்றிலும் மலிவானதும் இதுதான். கணக்கை ‘படகு கனமாக இருக்கிறது’ என்ற தலைப்பில் பார்ப்போம்.

புரொப்பெல்லர் எண். ஹப்பின் (நடுக்குமிழின்) மேலோ உள்ளேயோ விட்டமும் பிட்ச்சும் (ஒரு சுற்றுக்கு அது முன்னேறும் கணக்குத் தூரம்) பொறித்திருக்கும். குறித்துக்கொள்ளுங்கள். படகு கனத்துவிட்டதை மறைக்கப் பிட்ச் குறைந்த புரொப்பெல்லரை மாட்டி விற்பது உண்டு.

## எந்த நாளில், என்ன சுமையோடு

புயல் தேவையில்லை. ஆங்காங்கே வெள்ளை நுரை தலைகாட்டும் நாள் போதும்: காற்று மணிக்கு 20 முதல் 28 கி.மீ., நெருக்கமான ஒரு மீட்டர் அலை. 5 மீட்டர் படகுக்கு அரை மீட்டரே தாராளம். விற்பவர் விடிகாலையில், காற்று எழும்பும் முன் வரச் சொன்னால், மதியத்துக்கு மாற்றிக் கேளுங்கள். மறுத்தால் அதையும் ஓர் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு பேரோடு, காலி டேங்க்கோடு ஓட்டிப் பார்த்த படகு மீன்பிடிக்கப் போகும் படகு அல்ல. டேங்க்கில் குறைந்தது பாதி எரிபொருள், வழக்கமாக வரும் ஆட்களின் எடை, பனிக்கட்டியும் வலையும் சேர்ந்தால் வரும் எடை, எல்லாம் இருக்க வேண்டும். ஆட்கள் குறைந்தால் கேன்களால் ஈடுகட்டுங்கள்.

எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி. இன்ஜினை நிறுத்தும் கயிறு ஓட்டுபவரின் உடலில் மாட்டியிருக்க வேண்டும். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பது கரையில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் சுற்றை உரிமையாளரே ஓட்டட்டும். அவர் கை எதை அனிச்சையாகச் செய்கிறது என்று கவனியுங்கள். ஒரு பக்க டிரிம் தகட்டை (பின்பலகையின் கீழ் விளிம்பில் ஏறி இறங்கும் தட்டை) எப்போதும் இறக்கி வைக்கிறாரா, சக்கரத்தை ஒரே பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறாரா? ஆண்டுக்கணக்கில் அவர் சமாளித்துவந்த கோளாறு அந்தக் கையில்தான் இருக்கும்.

அதன்பின் ஐந்து திசை: நேர் எதிரலை, 45 பாகை எதிரலை, பக்க அலை, பின் மூலை அலை, நேர் பின்னலை. ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம். மூன்று வேகம்: ஊர்ந்து போவது, தண்ணீர் மேல் எழும்பி பிளேன் ஆகும் கட்டம், வழக்கமான ஓட்ட வேகம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டிரிம்மையும் வேகத்தையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும்.

## அறிகுறி 1: எதிரலையில் படகு அறைகிறது

முதலில் சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள். அலையில் விழும்போது ‘பொத்’ என்று ஒரே சத்தமாக வந்து அடங்கினால் அது தண்ணீரின் அடி. அடியைத் தொடர்ந்து ‘டக், கிறீச்’ என்று இரண்டாவது சத்தம் வந்தால் உள்ளே ஏதோ விட்டுப்போயிருக்கிறது. நேராக அறிகுறி 6-க்குப் போங்கள்.

செலவில்லாத காரணம்: டிரிம். இன்ஜினை முழுவதும் உள்ளே டிரிம் செய்யுங்கள். டிரிம் தகடுகள் இருந்தால் இரண்டையும் பாதி இறக்குங்கள். அணியம் (படகின் முன்முனை) தாழ்ந்து, கூர்மையான முன்பகுதி அலையை வெட்டத் தொடங்க வேண்டும். அறைதல் பாதியாகக் குறைந்தால் ஹல் மேல் குற்றமில்லை.

செலவில்லாத காரணம்: எடை. நான்கு கேன்களைப் பின்னாலிருந்து நடுவுக்கு முன்னால் நகர்த்துங்கள். பின்பாரம் அதிகமான படகு அணியத்தைத் தூக்கிக்கொண்டு, தன் தட்டையான பகுதியால் அலையை அடிக்கும். 80 கிலோ நகர்த்தியதும் தெளிவாக மாறினால் பேட்டரிகளையும் ஐஸ்பெட்டியையும் இடம் மாற்றினாலே போதும்.

குறைந்த செலவு: தகடுகள் இல்லை, அல்லது வேலை செய்யவில்லை. படகை நிறுத்திவிட்டு ஒவ்வொரு தகடும் தனித்தனியே ஏறி இறங்குகிறதா என்று கண்ணால் பாருங்கள். சுவிட்ச் பலகை விளக்கை நம்ப வேண்டாம்.

தீர்க்க முடியாதது: வேகத்தைக் குறைக்க முடியாத படகு. இதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். கொந்தளிப்பில் ஓட்டம் மெத்தென்று இருக்கிறதா என்பதை, படகு எவ்வளவு மெதுவாகப் பிளேனில் நிற்க முடியும் என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பிளேனில் ஓடிக்கொண்டிருக்கும்போது திராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடையால் (பின்முனை) அமிழ்ந்து அணியம் எழும்பும் கணத்தில் ஜிபிஎஸ்ஸில் வேகத்தைப் படியுங்கள். தகடு இறக்கி ஒருமுறை, இறக்காமல் ஒருமுறை. 6 மீட்டர் படகு மணிக்கு 25 கி.மீ. அருகிலும் பிளேனில் நின்றால், ஒரு மீட்டர் அலையிலும் பொறுமையாக வீடு வந்து சேரலாம். 32, 35-இலேயே விழுந்துவிட்டால் உங்களுக்கு இரண்டே வழி: அறை வாங்கிக்கொண்டு வேகமாகப் போவது, அல்லது ஊர்ந்து போவது. தட்டையான அடியும் கனத்த பின்பாரமும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். எடை காரணமில்லை என்று உறுதியானால் இந்தப் படகை விட்டுவிடலாம்.

இரண்டு படகுகளை ஒப்பிடுகிறீர்கள் என்றால், முடுக்கம் பதியும் செயலியை ஓடவிட்டு, போனை ஓட்டுநர் இருக்கைக்கு அருகே தரையில் ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். ஒரே நாள், ஒரே இடம், ஒரே வேகம் என்றால் மட்டுமே அந்த எண்களை ஒப்பிடலாம்.

## அறிகுறி 2: அணியம் தாளகதியில் ஏறி ஏறி இறங்குகிறது

அலைக்குச் சம்பந்தமில்லாமல், அமைதியான நீரிலும் அணியம் துள்ளுவது வேறு கோளாறு. அலைக்குள் போனால் இது பன்மடங்காகும்.

இன்ஜினை உள்ளே டிரிம் செய்யுங்கள். நின்றுவிட்டதா? வெளியே அதிகம் டிரிம் செய்து ஓட்டியதுதான் காரணம். நிற்காவிட்டால் எடையை முன்னே நகர்த்துங்கள். பழைய இரண்டு-ஸ்ட்ரோக் இன்ஜினைக் கழற்றிவிட்டுக் கனமான நான்கு-ஸ்ட்ரோக் மாட்டிய படகுகளில் இது அடிக்கடி வரும். பின்பலகையில் கூடிய எடைக்கு ஈடாக முன்னால் எதுவும் நகர்ந்திருக்காது. டிரிம் தகடு பூட்டினால் பெரும்பாலும் தீரும்.

முழுவதும் உள்ளே டிரிம் செய்து, எடையை முன்னே தள்ளி, தகடும் இறக்கியபின்னும் துள்ளினால், கரையில் நேர்ச்சட்டம் காட்டியதை நினைத்துப் பாருங்கள். அடி வெளியே புடைத்திருந்தால் இதுதான் அதன் விளைவு. அடியை நிரப்பித் தேய்த்து நேராக்க முடியும். அதை ஃபைபர் பட்டறைக்காரர்தான் செய்ய வேண்டும். விலை பேசும் முன் அவர் வந்து பார்க்கட்டும்.

## அறிகுறி 3: ஒரு பக்கம் சாய்ந்தே ஓடுகிறது

முதலில் காற்றை விலக்குங்கள். வி அடிப் படகு பக்கக் காற்றில், காற்று வரும் பக்கமே சாயும். காற்று அணியத்தைத் தள்ள, ஓட்டுபவர் காற்றுக்கு எதிராகச் சக்கரத்தைத் திருப்பிப் பிடிக்க, படகு அந்தப் பக்கம் சரிகிறது. அதனால் அதே பாதையில் திரும்பி வாருங்கள். சாய்வும் பக்கம் மாறினால் காரணம் காற்று, படகில் குறையில்லை. திரும்பிய பிறகும் அதே பக்கம் சாய்ந்தால் படகிலேயே காரணம் இருக்கிறது.

- ஆட்களும் சாமான்களும்: எல்லோரையும் நடுக்கோட்டில் நிற்கவைத்துப் பாருங்கள்.
- புரொப்பெல்லரின் முறுக்கு: வேகம் கூடக்கூடச் சாய்வும் கூடும், ஸ்டீயரிங்கும் ஒரு பக்கம் இழுக்கும். இன்ஜினின் அடிச் சிறகை (இழுவையைச் சரிசெய்யும் சிறு தகடு) ஸ்பேனரால் திருப்பினால் ஸ்டீயரிங் இழுவை குறையும். சாய்வுக்கு டிரிம் தகடுதான் தீர்வு.
- பேட்டரி, டேங்க் இருக்கும் பக்கம்: மூடியைத் திறந்து பாருங்கள்.
- ஒரு பக்கம் தண்ணீர் குடித்த ஃபோம் (மிதப்பதற்காகத் தளத்துக்கு அடியில் நிரப்பியது): படகு நின்றுகொண்டிருக்கும்போதே, அமைதியான நீரில், ஆள் இல்லாமல் சாய்ந்து நிற்கும். இரு பக்கமும் ஒரே நீளத்தில் ஒரு புள்ளியைக் குறித்து, அங்கே பக்கச்சுவரின் மேல் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை அளந்து பாருங்கள். 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்து, அதற்குப் பேட்டரியோ டேங்க்கோ காரணமில்லை என்றால் அறிகுறி 4.

மிக அதிக வேகத்தில் இடமும் வலமும் மாறி மாறிச் சாய்ந்தாடினால், வேகத்தை உடனே, ஆனால் மெதுவாகக் குறையுங்கள். டிரிம்மை உள்ளே எடுங்கள். பிறகு ஸ்டீயரிங் தளர்ச்சியைத் தேடுங்கள்.

## அறிகுறி 4: படகு கனமாக இருக்கிறது, அலைமேல் ஏற மறுக்கிறது

அலை வந்தால் மிதந்து ஏறாமல் ஊடே புகுந்து போவது, பிளேன் ஆக நேரம் எடுப்பது, முழு திராட்டிலிலும் இன்ஜின் தன் சுழற்சி வரம்பைத் தொடாதது, பக்கச்சுவரில் பழைய நீர்க்கோட்டுக்கு மேலே புதிய பாசிக்கோடு. இவை சேர்ந்து வந்தால் கவனமாக இருங்கள். பழைய படகில் அதிகச் செலவு வைக்கும் கோளாறு இந்தக் கூட்டத்தில்தான் ஒளிந்திருக்கும்.

சும்மா தீர்வது: அடியில் சிப்பியும் பாசியும். தண்ணீரைவிட்டு எடுத்துச் சுரண்டினால் முடிந்தது.

குறைந்த செலவு: புரொப்பெல்லர். பல நான்கு-ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளுக்கு முழு திராட்டில் வரம்பு 5000 முதல் 6000 சுழற்சி. உங்கள் இன்ஜினுக்கு என்ன வரம்பு என்பது கையேட்டில் இருக்கும். பிட்ச் ஓர் அங்குலம் மாறினால் ஏறக்குறைய 150–200 சுழற்சி மாறும். வரம்பைத் தொடவில்லையென்றால் பிட்ச் அதிகமாக இருக்கலாம். வரம்பைத் தொட்டும் ஜிபிஎஸ் வேகம் மந்தமாக இருந்து, பிட்ச்சும் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தால், கனம் மறைக்கப்பட்டிருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

பெருஞ்செலவு: தளத்துக்கு அடியில் தண்ணீர். எடை மேடைச் சீட்டை இப்போது எடுங்கள். தயாரிப்பாளர் தரும் எடையோடு, படகில் இருப்பதையெல்லாம் கூட்டுங்கள். பெட்ரோல் லிட்டருக்கு 0.74 கிலோ, டீசல் 0.84, தண்ணீர் 1. உதாரணமாக: ஹல் 900, இன்ஜின் 220, பெட்ரோல் 150 லிட்டர் 111, இரண்டு பேட்டரி 50, டிரெய்லர் 400, நங்கூரமும் கயிறும் சாமானும் 80. மொத்தம் 1761 கிலோ. மேடை 2050 காட்டினால் 289 கிலோவுக்கு ஆளே இல்லை. 5 சதவீதம் வரை கட்டுமான வேறுபாடு என்று விடலாம். 10 சதவீதம் தாண்டினால் அது தண்ணீர் என்றே வைத்துக்கொண்டு மேலே பாருங்கள்.

எடை மேடை கிடைக்காவிட்டால் நீர்க்கோட்டை வைத்துக் கணக்கிடலாம். நீர்க்கோட்டு நீளம் × அங்குள்ள அகலம் × 0.8 × 10.25. படகு கடலில் 1 செ.மீ. அமிழ எத்தனை கிலோ வேண்டும் என்பதன் தோராயம் இது. 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் என்றால் ஏறக்குறைய 98 கிலோ. பழைய கோட்டுக்கும் புதிய பாசிக்கோட்டுக்கும் 3 செ.மீ. இடைவெளி இருந்தால், கிட்டத்தட்ட 300 கிலோவை அந்தப் படகு சுமந்துகொண்டிருக்கிறது.

இவ்வளவு தண்ணீர் எங்கே இருக்கும்? தளத்துக்கு அடியில் ஊற்றிய மிதவை ஃபோமில். உலர்ந்த ஃபோம் கன மீட்டருக்குச் சுமார் 32 கிலோதான். மூடிய செல் ஃபோம் (கண்ணறைகள் ஒன்றோடொன்று சேராமல் மூடியிருப்பது) தண்ணீர் குடிக்காது என்பார்கள். புதிதாக இருக்கும்வரை அது சரி. ஆண்டுக்கணக்கில் அலை அடித்து, செல்கள் உடைந்து, தேங்கிய தண்ணீரில் ஊறிக் கிடந்தால் குடிக்கும். 0.3 கன மீட்டர் ஃபோம் உலர்ந்தால் 10 கிலோ. பாதி ஊறினால் 150 கிலோவுக்கு மேல்.

சோதனை: உரிமையாளர் சம்மதத்தோடு தளத்தில் இருக்கும் ஆய்வு மூடியைத் திறந்து, கை எட்டும் ஆழத்தில் ஃபோமைக் கிள்ளி எடுங்கள். நல்ல ஃபோம் வெளிர் மஞ்சளாக, விரலுக்கிடையில் நொறுங்கித் தூளாகும். ஊறியது கரும்பழுப்பாக, பிழிந்தால் தண்ணீர் சொட்டும், அழுகிய சதுப்பு நாற்றம் அடிக்கும். மேலே உலர்ந்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், தண்ணீர் கீழேதான் கிடக்கும். தாழ்ந்த இடமான பின்புறத்தில்தான் கிள்ளிப் பார்க்க வேண்டும்.

சர்வேயரை (படகை ஆய்வு செய்து அறிக்கை தருபவரை) அழைக்க வேண்டிய இடம்: எடைக் கணக்கில் 10 சதவீதம் மிஞ்சினாலோ, கிள்ளிய ஃபோம் ஈரமாக இருந்தாலோ. ஈரமானியோடு வந்து, தேவையானால் சிறு துளையிட்டு மாதிரி எடுப்பார். தளத்தை அறுத்து, ஃபோமைத் தோண்டி, நீளவாட்டுத் தாங்கிகளைப் பார்த்து மூடும் வேலை பல நேரம் படகின் விலையையே எட்டிவிடும்.

## அறிகுறி 5: பின்னலையில் படகு கட்டுக்கு அடங்கவில்லை

ஆபத்தான அறிகுறி இது, சோதிக்கும்போதும் ஆபத்தானது. அணியத்தில் யாரும் நிற்க வேண்டாம். அலையின் வேகத்தைவிடச் சற்றே கூடுதலாக மட்டும் போங்கள். அலையின் முதுகில் ஏறி, முன் சரிவில் இறங்கும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். அணியம் தண்ணீரில் குத்தி, கடையால் பக்கவாட்டில் சுற்றிவரப் பார்த்தால், படகு அலைக்குக் குறுக்கே விழப்போகிறது என்று அர்த்தம். உடனே திரும்பிவிடுங்கள், மறுபடி முயல வேண்டாம்.

சரிபார்க்கும் வரிசை: டிரிம் தகடுகள் முழுவதும் மேலே ஏறியிருக்கின்றனவா? எதிரலையில் இறக்கியதை ஏற்ற மறந்துவிடுவதுதான் இதற்கு முதல் காரணம். இன்ஜினை நடுநிலைக்குச் சற்று வெளியே டிரிம் செய்யுங்கள். முன்னால் நகர்த்திய கேன்களைத் திரும்பப் பின்னால் கொண்டுபோங்கள்.

அடுத்து ஸ்டீயரிங். கரையிலோ நின்ற நீரிலோ சக்கரத்தைச் சிறிது திருப்புங்கள், இன்ஜின் உடனே அசைய வேண்டும். ஹைட்ராலிக் ஸ்டீயரிங் என்றால் இன்ஜினை இரு கையால் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள். மெத்தென்று இடம் கொடுத்தால் குழாயில் காற்று இருக்கிறது. சிலிண்டர் தண்டில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் சீல் போயிருக்கிறது. இரண்டுமே சிறிய வேலை. ஆனால் பின்னலையில் அரை நொடி தாமதமாகத் திரும்பும் ஸ்டீயரிங் ஆளைக் கொல்லும். சரிசெய்யாமல் அந்தப் படகை எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் அணியம் குத்தினால், நேர்ச்சட்டத்தில் உட்குழிவு தெரிந்ததா என்று பாருங்கள். குழிந்த அடி கடையாலைத் தூக்கி அணியத்தை அமிழ்த்தும். அதுவும் இல்லையென்றால் ஆழமான கூர்முன்பகுதியும் தட்டையான பின்பகுதியும் உள்ள வடிவமே காரணம். எதுவும் செய்ய முடியாது. பின்னலையில் முகத்துவாரம் ஏறி வர வேண்டிய ஆளுக்கு இந்தப் படகு வேண்டாம்.

## அறிகுறி 6: அடிக்குப் பின் இரண்டாவது சத்தம், தளம் அதிர்கிறது

ஓட்டத்தின்போது ஒருவர் தளத்தில் உட்கார்ந்து உள்ளங்கையை விரித்து வைக்கட்டும். ஒவ்வோர் அலைக்கும் ஓரிடத்தில் மட்டும் தளம் எழும்பி இறங்குவது கைக்குத் தெரியும். அந்த இடத்தை ஒட்டுநாடாவால் குறியுங்கள்.

தளர்ந்த மூடி, நங்கூரப்பெட்டி, கட்டாத பேட்டரி ஆகியவற்றை முதலில் விலக்குங்கள். பாதி நிரம்பிய டேங்க்கில் தடுப்புத் தகடு இல்லையென்றால் எரிபொருள் அலைமோதும் ‘தொம்’ சத்தமும் இப்படித்தான் இருக்கும். அது அலையைவிடச் சற்றுப் பின்தங்கி வரும்.

கரையில் ஏற்றியதும் பிளாஸ்டிக் சுத்தியலால் அடியை ஒரு கை அகல இடைவெளியில் வரிசையாகத் தட்டுங்கள். நல்ல ஃபைபர் ‘டக்’ என்று கூர்மையாகப் பேசும். அடுக்கு பிரிந்த இடம் ‘தப்’ என்று மந்தமாகப் பேசும். உள்ளே தாங்கி வரும் இடத்திலும் ஒலி மாறும். ஆனால் அந்த மாற்றம் இரு பக்கமும் ஒரே இடத்தில் வரும். ஒரு பக்கம் மட்டும் மாறினால் அந்த இடத்தைச் சந்தேகியுங்கள்.

ஜெல்கோட்டில் (ஃபைபரின் வெளிப்பூச்சில்) ஒரு புள்ளியிலிருந்து சிலந்திவலை போல விரியும் கீறல், ஏதோ விழுந்து அடிபட்டது, பெரும்பாலும் மேலோட்டமானது. அடியில் தாங்கி செல்லும் கோட்டோடு இணையாக நீளமாக ஓடும் கீறல் வேறு. தாங்கி விட்டுப்போய் அடி மடங்கி மடங்கி வந்த கீறல் அது.

பின்பலகைக்கு ஒரு சோதனை: இன்ஜினைப் பாதி உயர்த்தி, அதன் கீழ்ப்பகுதியில் உடல் எடையைப் போட்டு அழுத்துங்கள். இன்னொருவர் இன்ஜின் போல்ட்டுகளைப் பக்கத்தில் குனிந்து பார்க்கட்டும். பலகை கண்ணுக்குத் தெரிய வளைந்தாலோ, போல்ட் ஓரத்தில் பழுப்பு நீர் கசிந்தாலோ, உள்ளே இருக்கும் ஒட்டுப்பலகை அழுகியிருக்கிறது.

இங்கே தயக்கமே வேண்டாம்: நீளக் கீறல், ஒரு பக்க மந்த ஒலி, வளையும் பின்பலகை. மூன்றில் ஒன்று இருந்தாலும் சர்வேயர் எழுத்தில் அறிக்கை தரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

## அறிகுறி 7: நிற்கும்போது உருளல் சரியில்லை

அடிக்கடி வெடுக் வெடுக்கென்று ஆடினால் உடம்புக்குத் தொல்லை, ஆனால் படகு கவிழப் போவதில்லை. சோம்பலாக உருண்டு, சாய்ந்த பக்கமே ஒரு கணம் தங்கி, பிறகு எழுந்தால் அதற்குத்தான் அஞ்ச வேண்டும்.

அளந்து பாருங்கள். அமைதியான நீரில், கயிறுகளைத் தளர்த்திவிட்டு, பக்கச்சுவரை அமுக்கி விட்டுப் படகை உருளவிடுங்கள். ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் போய்த் திரும்பி வருவது ஓர் உருளல். ஐந்து உருளலுக்கான விநாடியை எண்ணி ஐந்தால் வகுங்கள். வந்த விநாடி, படகின் அகலத்தை மீட்டரில் சொல்லும் எண்ணைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 2.4 மீட்டர் அகலப் படகுக்கு 2.4 விநாடிக்குள். தாண்டினால் மேலே எடை அதிகம், அல்லது உள்ளே தண்ணீர் அலைகிறது. கூரை, அதன்மேல் ஏற்றிய சாமான், பின்னாளில் பூட்டிய உயரக் கோபுரம் ஆகியவற்றை இறக்கிவிட்டு மறுபடி எண்ணுங்கள். அப்போதும் குறையாவிட்டால் நிலைத்தன்மை தெரிந்த படகுக் கட்டுநர் பார்க்க வேண்டும்.

மூன்று பேரை ஒரு பின் மூலையில் நிற்கவைத்து, வடிகால் துளை வழியாகத் தண்ணீர் தளத்துக்கு ஏறுகிறதா என்றும் பாருங்கள். ஏறினால் திரும்ப அறிகுறி 4.

## அறிகுறி 8: நனைத்து எடுக்கிறது

45 பாகை எதிரலையில் எல்லாச் சிறு படகும் கொஞ்சம் நனைக்கும். அணியத்தைச் சற்று உயர்த்தி, காற்றுப் பக்கத் தகட்டைக் கீழே இறக்கிப் பாருங்கள். அடியின் நீள வரிப்புடைப்புகளும் பக்க விளிம்பும் தேய்ந்து மழுங்கியிருந்தால் நீர் மேலே ஏறும். அதைக் கட்டிச் சரிசெய்யலாம். அணியத்தின் மேல்புறம் வெளியே விரியாமல் செங்குத்தாக நின்றால் நனைவது அந்தப் படகின் பிறவிக்குணம்.

## அறிகுறி 9: அலையில் இன்ஜின் அலறுகிறது, அல்லது திணறுகிறது

அலறினால்: அலையிலும் திருப்பத்திலும் புரொப்பெல்லர் காற்றைப் பிடிக்கிறது. டிரிம்மை உள்ளே எடுங்கள். தீராவிட்டால் இன்ஜின் உயரத்தைப் பாருங்கள். புரொப்பெல்லருக்கு மேலே உள்ள கிடைத்தகடு, அடிப்பாகத்தின் மட்டத்திலோ 25 மி.மீ. வரை மேலோ இருப்பது வழக்கம். அதைவிட உயரமானால் போல்ட்டைக் கழற்றி ஒரு துளை இறக்க வேண்டும். நேர் ஓட்டத்தில், அமைதியான நீரில்கூட திராட்டில் கொடுத்ததும் சுழற்சி மட்டும் ஏறி வேகம் ஏறவில்லையென்றால் புரொப்பெல்லர் ஹப்பின் ரப்பர் வழுக்குகிறது.

அரை மணி அறைதலுக்குப் பின் திணறினால்: டேங்க் அடியில் படிந்த சேறும் தண்ணீரும் கலங்கி ஃபில்டருக்கு வந்துவிட்டது. அமைதியான நீரில் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் இது தெரியாது. கரை திரும்பியதும், இன்ஜின் அணைத்தபின், நெருப்புக்கு எட்டாத இடத்தில், நீர் பிரிக்கும் ஃபில்டரிலிருந்து கண்ணாடிக் குடுவையில் வடித்து ஐந்து நிமிடம் வெளிச்சத்தில் வையுங்கள். அடியில் தெளிவான ஒரு அடுக்காகத் தண்ணீர் பிரிந்து நிற்கும்; அதற்கும் கீழே துருப்பொடியோ கருந்தூளோ. தண்ணீர் மட்டும் என்றால் டேங்க்கைச் சுத்தம் செய்தால் போதும். உலோக டேங்க்கிலிருந்து துருவோ வெண்பொடியோ வந்தால் டேங்க்கே மாற்ற வேண்டும், அதற்குப் பல படகுகளில் தளத்தை அறுக்க வேண்டும்.

பில்ஜை (தளத்துக்கு அடியில் நீர் தேங்கும் அடிப்பள்ளத்தை) திறந்ததும் பெட்ரோல் வாடை வந்தால் எந்த சுவிட்ச்சையும் தொடாதீர்கள். காற்றோட்டம் கொடுத்து, பேட்டரி இணைப்பைத் தொடாமல் விலகி, மெக்கானிக்கை அழையுங்கள். அந்த நாள் சோதனை அத்தோடு நிறுத்தம்.

## அறிகுறி 10: ஓட்டத்துக்குப் பின் பில்ஜில் தண்ணீர்

கிளம்பும் முன் பில்ஜை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, தானியங்கிப் பம்ப்பை அணைத்து வைத்து, மூடியைத் திறந்து அடிக்கடி எட்டிப் பாருங்கள். திரும்பியதும் குவளையால் அளந்து அள்ளுங்கள். ஒரு மணி ஓட்டத்தில் ஒன்றிரண்டு குவளை என்றால் தெறித்த நீர். பத்து குவளை என்றால் துளை எங்கோ இருக்கிறது.

வரிசை: அடி முளை (வடிகால் அடைப்பு), மீன்தொட்டிக் குழாய் இணைப்புகள், இன்ஜின் கேபிள் நுழையும் ரப்பர் உறை, நீருக்கு அடியில் ஹல்லைத் துளைத்துப் போகும் பொருத்துகள், கடைசியாகத் தளமும் ஹல்லும் சேரும் சுற்றுமூட்டு. எதிரலையில் மட்டும் தண்ணீர் வந்து, நிற்கும்போது வராவிட்டால் சுற்றுமூட்டைச் சந்தேகியுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு பார்க்க, வெளியே மூட்டுக்கு நேராகக் குழாய்த்தண்ணீர் பீய்ச்சினால் இடம் தெரிந்துவிடும்.

படகை டிரெய்லரில் ஏற்றியபின் அடியை நன்றாகத் துடைத்து உலர்த்தி, ஒரு மணி நேரம் காத்திருங்கள். அதுவரை பேசிக்கொண்டிருங்கள், கையெழுத்து மட்டும் போடாதீர்கள். துடைத்த அடியில் எங்காவது ஒரு கீறலிலிருந்து ஈரம் ஊறி, சொட்டாகத் திரண்டு, மறுபடி மறுபடி விழுந்தால் அந்தச் சொட்டு உள்ளிருந்து வருகிறது. விரலில் தொட்டுப் பாருங்கள். பழுப்பாக, வாடையோடு இருந்தால் அது இன்றைய கடல்நீர் அல்ல, தாங்கிக்குள்ளோ ஃபோமுக்குள்ளோ பல காலம் கிடந்த நீர். அந்த இடத்தைப் படம் எடுத்து, ஒட்டுநாடாவால் குறித்து, சர்வேயருக்கு முதலில் காட்டுங்கள்.